மலையைக் கேட்டுப் புறப்படுங்கள்

மதுரைச் சீமையில் சித்திரை மாதம் பிறந்துவிட்டால் வீட்டுக்கு வீடு ஒரு மகாநாடு கூடுவது வழக்கம். "இந்த வருஷம் எந்த மலைக்குப் போகலாம்?" என்பதுதான் மகாநாட்டின் விவாதப் பொருள். பள்ளிக்கூடம் மூடியாயிற்று, வெயில் மண்டையைப் பிளக்கிறது, அடுத்த வீட்டுக்காரர் போன வருஷம் கொடைக்கானலில் ஸ்வெட்டரும் குல்லாயுமாக நின்று எடுத்துக்கொண்ட படம் நெஞ்சில் இன்னும் உறுத்துகிறது. இத்தனை காரணங்கள் ஒன்று சேர்ந்தால் எந்தக் குடும்பத் தலைவர்தான் எதிர்த்து நிற்க முடியும்? எந்த வண்டி, எந்த விடுதி, எத்தனை நாள், எத்தனை படி அரிசிக்குப் புளியோதரை என்பவையெல்லாம் ஐந்து நிமிஷத்தில் ஏகமனதாகத் தீர்மானமாகிவிடும்.

வீட்டில் உள்ள கைக்குழந்தையின் அபிப்பிராயத்தைக்கூடக் கேட்கும் இந்த மகாநாட்டில் ஒருவரை மட்டும் யாரும் கலந்துகொள்வதில்லை. அவர்தான் மலையரசர்!

நமக்கு ஒழிந்த நாளில் நாம் புறப்படுகிறோம். அந்த நாள் மலைக்கு ஒழிந்த நாள்தானா என்று விசாரிப்பதில்லை. விருந்தாளியாகப் போகிற வீட்டில் கல்யாணமா, காய்ச்சலா என்று கேட்டுக்கொண்டு போவது தமிழர் மரியாதை. மலை விஷயத்தில் மாத்திரம் இந்த மரியாதையை நாம் எப்படியோ மறந்துவிட்டோம்.

"திருவாதவூர்க்காரருக்கு மலையைப் பற்றி என்ன தெரியும்?" என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மாணிக்கவாசகப் பெருமான் அவதரித்த புண்ணிய ஸ்தலம் என்ற பெருமை நம் ஊருக்கு உண்டு. திருமறைநாதர் கோயில் உண்டு. கண்மாயும் வயலும் பனைமரங்களும் உண்டு. ஆனால் மலை என்று சொல்லிக்கொள்ள, மதுரைக்குப் போகும் வழியில் படுத்திருக்கும் யானைமலை ஒன்றுதான். அது ஒரே பாறை. பங்குனி வெயிலில் அதன் ஓரமாக நடந்து போனால், அன்றைய சமையலை அதன் மேலேயே முடித்துக்கொண்டு வந்துவிடலாமா என்று தோன்றும். மேகம் வந்து தங்கும் மலைக்கும் அதற்கும் யாதொரு உறவும் கிடையாது.

ஆயினும், தொலைவில் உள்ள அந்த மேக மலைகளுக்கும் நமது மேலூர்த் தாலூகாவுக்கும் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு சம்பந்தம் இருக்கிறது. மேற்கே பாய்ந்து அரபிக் கடலில் விழுந்துகொண்டிருந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிவிட்டார் பென்னிகுயிக் துரை. அந்த அணை வேலை 1895-ஆம் வருஷம் பூர்த்தியாயிற்று. அன்று முதல் தேக்கடி மலையில் பெய்கிற மழை வைகையில் கலந்து, பெரியாற்றுக் கால்வாய் வழியாக மேலூர்ப் பக்கத்து வயல்களுக்கு வந்து சேருகிறது. ஆகவே, நம் பக்கத்து ஜனங்கள் வானத்தைப் பார்ப்பதைவிடப் பத்திரிகையில் அணையின் நீர்மட்டத்தைப் பார்ப்பதில்தான் அதிக சிரத்தை உள்ளவர்கள். இந்தப் பழக்கம் ஒரு சமயம் நம்மை எப்படிக் காப்பாற்றியது என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

ஆடிக் காற்றின் பூர்வோத்தரம்

நாம் இங்கே சொல்லப் போவது மூணாற்றுக்கு அருகே உள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவைப் பற்றி. பூங்கா என்றதும் ஊஞ்சலும் சறுக்கு மரமும் வேர்க்கடலை வண்டியும் மனக்கண் முன் வந்தால், தயவுசெய்து அவற்றை உடனே அப்புறப்படுத்திவிட வேண்டும். இது 97 சதுர கிலோமீட்டர் விஸ்தீரணமுள்ள மலைப் புல்வெளி. பள்ளத்தாக்குகளில் மட்டும் சோலைக் காடுகள் ஒதுங்கி நிற்கும். இமயத்துக்குத் தெற்கே இந்தியாவில் உள்ள சிகரங்களுக்கெல்லாம் உயர்ந்ததான ஆனைமுடி, 2,695 மீட்டர் உயரம், இந்தப் பூங்காவைச் சேர்ந்ததுதான். 1975-ல் சரணாலயமாகவும் 1978-ல் தேசியப் பூங்காவாகவும் இதை ஆக்கினார்கள். யாருக்காக? உங்களுக்காகவும் நமக்காகவும் அல்ல, வரையாட்டுக்காக! தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய அந்த வரையாடு உலகத்திலேயே அதிகமாகக் கூடி வாழும் இடம் கேரளத்து இரவிகுளந்தான். 2025-ல் இரண்டு மாநிலத்தாரும் சேர்ந்து கணக்கெடுத்தபோது மொத்தம் 2,668 ஆடுகள் இருந்தன. அவற்றில் 841 இங்கே இருந்தன.

நம் ஊரிலிருந்து இங்கே போக வேண்டுமானால் மதுரை, உசிலம்பட்டி, தேனி, போடிநாயக்கனூர் என்று சமவெளியில் ஓடி, போடிமெட்டு மலைப்பாதையில் ஏறி, பூப்பாறை வழியாக மூணாறு சேர வேண்டும். காலையில் புறப்பட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு மூணாற்றில் இருக்கலாம். தூரம் இவ்வளவு சொற்பமாயிருப்பதுதான் ஆபத்து. "இங்கே வெயில் காய்கிறது, நாலைந்து மணி நேரப் பிரயாணந்தானே? அங்கேயும் அப்படித்தான் இருக்கும்" என்று மனம் ஏமாந்துவிடுகிறது.

அப்படி இராது என்பதற்கு நம் வீட்டு வாசலிலேயே சாட்சி இருக்கிறது. 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்கிறோமே, அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? அரபிக் கடலில் புறப்பட்டு வரும் தென்மேற்குப் பருவக் காற்றுதான் அது. கடலிலே முக்கி எடுத்த வேஷ்டி மாதிரி நனைந்து வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அதைக் குறுக்கே நின்று பிடித்து முறுக்கிப் பிழிகிறது. பிழிந்த நீர் அத்தனையும் அந்தப் பக்கம் கொட்டிவிடுகிறது. உதறின வேஷ்டியின் காற்று மட்டும் கம்பம், போடி வழியாக நம்மிடம் வந்து சேருகிறது. ஆகையால், நம் ஊரில் புழுதியும் சருகும் பறந்தால் மூணாற்றில் அடைமழை என்று அர்த்தம். இங்கே காற்று எவ்வளவு பலமோ, அங்கே மழையும் பெரும்பாலும் அவ்வளவு பலம். நமது சமவெளி மலையின் சீதோஷ்ணத்தைத் தலைகீழாகக் காட்டும் கண்ணாடி!

மாதங்களின் ஜாதகம்

இனி, பன்னிரண்டு மாதங்களின் ஜாதகத்தையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

மாசியும் பங்குனியும் வரையாடுகள் குட்டி போட்டு வளர்க்கும் காலம். மழைக்காலத்தில் இணை சேர்ந்த ஆடுகள், ஆறு மாதம் சுமந்து, தையிலும் மாசியிலும் ஈனுகின்றன. பிரசவம் நடக்கும் வீட்டில் ஊர்வலம் விடலாமா? ஆகையால், பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்காவின் கதவை ஆண்டுதோறும் மூடிவிடுகிறார்கள். இது தெரியாமல் குழந்தை குட்டிகளுடன் வாசல் வரை போய்த் திரும்புகிறவர்கள் வருஷந்தோறும் இருக்கிறார்கள்.

அதே மாதங்களில் மலையின் கிழக்குச் சரிவில் புல் காய்ந்து சுக்காய்க் கிடக்கும். ஒரு பொறி போதும். 2018-ஆம் வருஷம் மார்ச் 11-ந் தேதி, போடிக்கு மேலே குரங்கணி மலையில் பற்றிய தீயை நம் நாடு மறக்க முடியாது. கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் அதில் அகப்பட்டுக்கொண்டனர். இருபதுக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் வாலிபர்களும் யுவதிகளும், உயிரிழந்தனர். அழகான இடத்துக்கு அழகான நாளில் போயிருக்கிறோம் என்றுதான் அவர்கள் அன்று காலை எண்ணியிருப்பார்கள்.

சித்திரையும் வைகாசியும் பள்ளிக்கூட விடுமுறை. சீதோஷ்ணத்தைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிற்பகலில் இடியோடு கோடை மழை வந்து போகும், அவ்வளவுதான். ஆனால், நாம் எந்த ஜனக்கூட்டத்தை விட்டு ஓடிப்போக நினைத்தோமோ அந்த ஜனக்கூட்டம் நமக்கு முன்னாலேயே அங்கே போய், வண்டி நிறுத்த இடமில்லாமல் நின்றுகொண்டிருக்கும். மலையிலும் ஒரு மதுரையைத்தான் பார்க்கலாம்.

ஆனி, ஆடி, ஆவணியின் முற்பகுதி தென்மேற்குப் பருவமழைக்கு உரியவை. மதுரையில் ஒரு வருஷம் முழுதும் பெய்வதைப்போலப் பல மடங்கு அங்கே ஒரு வருஷத்தில் பெய்கிறது. அதில் பெரும் பங்கு இந்த மூன்று மாதங்களில்தான். ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழை. இது நம் பக்கத்திலிருந்து போகிறது. மலையின் கிழக்கு முகத்தை நனைக்கிறது. நாம் ஏறுகிற போடிமெட்டுப் பாதையும் கிழக்கு முகத்தில்தானே இருக்கிறது? பாறை உருண்டு பாதை அடைபடுவது இந்தக் காலத்தில் அபூர்வமல்ல.

மார்கழியிலும் தையிலும் வானம் துடைத்து வைத்ததுபோல் இருக்கும். சில நாட்களில் விடியற்காலையில் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாய்ப் படியும். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இறங்குவதும் உண்டு. திடகாத்திரமுள்ளவர்களுக்கு இது உன்னதமான காலம். மூச்சிரைப்பு உள்ள பெரியவர்களுக்கு உசிதமல்ல.

இவற்றையெல்லாம் கழித்தபின் மிஞ்சுவது என்ன? ஆவணிக் கடைசியும் புரட்டாசியும். ஒரு மழை போய், மறு மழை வராத இடைவெளி. அருவிகள் நிறைந்திருக்கும், புல் பச்சையாயிருக்கும், கூட்டம் குறைந்திருக்கும். தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் காலாண்டுப் பரீட்சை முடிந்து சில நாள் விடுமுறை வருவதும் ஏறக்குறைய அப்போதுதான். இந்த அருமையான சமயத்தை, "இது சீஸன் இல்லையே!" என்று சொல்லி நாம் கை நழுவ விடுகிறோம்.

பன்னிரண்டு வருஷப் பூ

இந்த இடைவெளியில்தான், பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, குறிஞ்சி பூக்கிறது. 1982, 1994, 2006, 2018 என்று தவணை தவறாமல் பூத்திருக்கிறது. அடுத்த தவணை 2030. ஒரு முறை பூத்து, விதை உதிர்த்து, அந்தச் செடி பட்டுப்போகிறது. மலையில் வாழும் பளியர்கள் இந்தப் பூவைக் கொண்டே வயதைக் கணக்கிட்டார்கள் என்று சொல்வார்கள். "மூன்று குறிஞ்சி கண்டவன்" என்றால் நடுத்தர வயதைத் தாண்டியவன் என்று பொருள். நினைத்துப் பார்த்தால், மனித ஆயுளில் இந்தப் பூவைப் பார்க்க ஆறு சந்தர்ப்பம் வாய்ப்பதே பெரிய காரியம்.

நம் வீட்டில் அத்தை ஒருத்தி இருக்கிறாள். நம் தகப்பனாருக்கு மூத்த சகோதரி. கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் உண்டு. இராமாயண பாராயணத்துக்கு முன்னால் பத்திரிகையில் அணை மட்டம் பார்க்கிற கட்சியைச் சேர்ந்தவள். குறிஞ்சியைப் பற்றி எப்போதோ யாரோ சொல்லக் கேட்டு, அதை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை கொண்டிருந்தாள். 1994-ல் அதைச் சொல்ல வெட்கப்பட்டாள். 2006-ல் சொன்னாள், ஆனால் வயல் வேலையை விட்டுவிட்டு வர மனம் இல்லை. 2018-ல் அவளுக்கு 72 வயது. "பூ பாட்டுக்குப் பூத்துக்கொண்டுதான் இருக்கிறது, தம்பி. நமக்குத்தான் தோது வரவில்லை. அடுத்த தவணைக்கு நான் இருந்தாலும் என் முழங்கால் இராது" என்றாள்.

உடனே மகாநாடு கூடிற்று. நம் மைத்துனர் அக்கிராசனம் வகித்தார். ஆகஸ்டு 15-ந் தேதி சுதந்திர தினம். அதையொட்டி இரண்டு நாள் லீவு எடுத்தால் போதும் என்று தேதி குறித்தார். விடுதிக்கு முன்பணமும் கட்டியாயிற்று. ஸ்வெட்டர்கள் பெட்டியிலிருந்து வெளியே வந்தன.

திருவாதவூரில் அந்த வாரம் முழுவதும் நல்ல வெயில்; நல்ல காற்று. மைத்துனரின் செல்பேசி மட்டும் மூணாற்றுக்கு நேரே தினமும் ஒரு மேகத்தையும் நாலு துளிகளையும் காட்டிக்கொண்டிருந்தது. "அது எப்போதும் அப்படித்தான் போடும்" என்றார் மைத்துனர்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் காலையில் அத்தை பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "தம்பி, பயணம் வேண்டாம்" என்றாள்.

எல்லோரும் திடுக்கிட்டோம். பன்னிரண்டு வருஷமாய்க் காத்திருந்தவள் அவள்தானே!

"பெரியாற்று அணையில் தண்ணீர் ஏறுகிற வேகத்தைப் பார்த்தாயா? இத்தனை வருஷமாய்ப் பார்க்கிறேன், இப்படி ஏறி நான் பார்த்ததில்லை. இங்கே அணை இப்படி ஏறினால் அங்கே மலைமேல் என்ன கொட்டுகிறது என்று யோசித்துப் பார். பூ எங்கே போகிறது? அழுகினால் அழுகட்டும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பாதையில் ஏற வேண்டாம்."

மைத்துனர் விடுதிக்குக் கட்டிய முன்பணத்தைப் பற்றிப் பிரஸ்தாபித்தார். "பணந்தானே!" என்றாள் அத்தை. அத்துடன் மகாநாடு கலைந்தது.

மறுநாள் முதல் மூன்று நாட்கள் கேரள தேசத்தில் நடந்ததை நேயர்கள் அறிவார்கள். நானூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன வெள்ளம் அது. மூணாறு வெளியுலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டது. இரவிகுளத்துக்குப் போகிற பாதையில் பெரியவாரைப் பாலம் உடைந்தது. 1924-ஆம் வருஷத்து வெள்ளம் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிக்கொண்டிருந்த இரயில் பாதையையே அடித்துக்கொண்டு போயிற்று. அதற்குப் பிற்பாடு இப்படி ஒரு வெள்ளத்தை அந்த மலை கண்டதில்லை என்று பெரியவர்கள் சொன்னார்கள்.

அதே நாட்களில்தான் முல்லைப் பெரியாறு அணை 142 அடியைத் தொட்டது. நம் தாலூகாவில் சம்சாரிகளின் முகம் மலர்ந்தது. "இந்த வருஷம் சாகுபடி நிச்சயம்" என்றார்கள். ஆனால் நம் வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அத்தையின் முகம் மலரவில்லை. "இந்தத் தண்ணீருக்குத்தானே நாம் வேண்டிக்கொண்டோம்?" என்று ஒரு தரம் கேட்டாள். பிறகு எழுந்து போய்விட்டாள். ஒரே மழைதான். இந்தப் பக்கம் அன்னமாக இறங்குகிறது; அந்தப் பக்கம் வீட்டின் மேல் இறங்குகிறது. மாணிக்கவாசகர் கதையில் வைகை பெருக்கெடுத்து மதுரையைக் கலக்கியதும், பிட்டுக்கு மண் சுமந்த படலமும் ஆவணி மாதத்துத் திருவிழாவாக இன்றைக்கும் நடக்கின்றன. தண்ணீர் வரமாகவும் வரும், சோதனையாகவும் வரும் என்பது நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது.

புரட்டாசியில் கண்ட காட்சி

செப்டம்பர் மாதக் கடைசியில், காலாண்டு விடுமுறையில், நாம் புறப்பட்டோம். வழியெல்லாம் மலை காயம்பட்டுக் கிடந்தது. மண் சரிந்த இடங்கள் சிவப்பாகத் தெரிந்தன. ஆனால் வானம் நீலமாயிருந்தது.

பூங்காவுக்குள் நம் வண்டியை விடமாட்டார்கள். அஞ்சாம் மைலில் டிக்கெட் வாங்கிக்கொண்டு, வனத்துறையின் பஸ்ஸில் ஏறி இராஜமலை வரை போக வேண்டும். பிறகு பாதையோடு நடக்க வேண்டும். அத்தை நம் தோளைப் பிடித்துக்கொண்டு, நாலடிக்கு ஒரு தரம் நின்று, நடந்தாள். பாதைக்குப் பத்தடி தூரத்தில் ஒரு வரையாடு, நாம் வந்ததையே பொருட்படுத்தாமல் மேய்ந்துகொண்டிருந்தது. குழந்தைகள் அதற்கு முறுக்குக் கொடுக்க யத்தனித்தார்கள். வனக் காவலர் தடுத்துவிட்டார்.

குறிஞ்சி பூத்திருந்தது. படங்களில் காட்டுவதுபோல் மலை முழுவதும் நீலக் கம்பளம் விரிக்கவில்லை. மழையில் மொட்டுகள் பல கெட்டுப்போயிருந்தன. சரிவுக்குச் சரிவு திட்டுத்திட்டாக, வெளுத்த ஊதா நிறத்தில், சின்னச் சின்ன மணிகளாகப் பூத்திருந்தது. அத்தை ஒரு செடியின் அருகில் குனிந்து வெகு நேரம் பார்த்தாள்.

"வாசனையைக் காணோமே!" என்றாள்.

"பறிக்கக் கூடாது, பாட்டி" என்றார் காவலர், முன்ஜாக்கிரதையாக.

"நான் எதற்கப்பா பறிக்கிறேன்? வீட்டுக்குக் கொண்டுபோனால் அங்கே இருக்கிற மல்லிகை சிரிக்கும்" என்றாள் அத்தை. பிறகு, சரிவில் இறங்கும் ஓடையைப் பார்த்து, "இந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது?" என்று கேட்டாள்.

பெரும்பாலும் மேற்கே போய்க் கேரளத்து ஆறுகளில் கலக்கிறது என்றும், ஒரு பகுதி பாம்பாறு வழியாக அமராவதிக்குப் போகிறது என்றும் அவர் சொன்னார்.

"எங்கள் ஊருக்கு வராதா?"

"அது தேக்கடிப் பக்கத்துத் தண்ணீர், பாட்டி."

அத்தை தலையை ஆட்டினாள். கால்வாய்க்காரியின் கண் கடைசி வரை தண்ணீரின் மேலேயே இருந்ததைக் கண்டு நாம் சிரித்தோம். ஆனால் திரும்பி வரும்போது, இத்தனை வருஷத்து ஆசையைப் பற்றி அவள் சொன்ன வார்த்தை ஒன்றுதான்: "பார்த்தாயிற்று."

சீஸன் யாருக்கு?

மூணாற்றில் தேநீர்க் கடை ஒன்றில் உட்கார்ந்திருந்தபோது, தேயிலை பறிக்கும் வேலைக்குப் போகிற ஸ்திரீ ஒருத்தியுடன் அத்தை பேச்சுக் கொடுத்தாள். அவளுடைய பாட்டனார் காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து குடியேறிய குடும்பமாம். மலையெங்கும் உள்ள தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் இவ்விதம் நம் பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் ஏறிப் போன தமிழர்களே.

"சீஸன் என்றால் எப்போது வர வேண்டும்?" என்று நாம் கேட்டோம்.

"சீஸன் உங்களுக்குத்தான், ஐயா. எங்களுக்கு ரெண்டே காலந்தான். மழை உண்டான காலம், மழை இல்லாத காலம். இந்த ஆகஸ்டில் ராத்திரி தூங்கவில்லை. மலை சத்தம் போடுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே கிடந்தோம்" என்றாள்.

அந்த வார்த்தையின் முழுப் பொருள் நமக்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் விளங்கிற்று. 2020-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி இரவு, இராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடி என்னும் இடத்தில் மலை சரிந்து, தொழிலாளர்கள் உறங்கிக்கொண்டிருந்த லயங்களின் மேல் விழுந்தது. மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் வேலை செய்யவில்லை, விடிந்த பிறகுதான் வெளியுலகத்துக்குச் செய்தி எட்டிற்று. எழுபது பேர் மாண்டனர். நாலு பேருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. மாண்டவர்களில் பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். நாம் பஸ்ஸில் போய்ப் பூப்பார்த்த அதே மலையின் மறு மடிப்புதான் பெட்டிமுடி.

மழையைக் கண்டால் நாம் விடுதிக்குத் தந்த முன்பணத்தை நினைத்து வருந்துகிறோம். அவர்களால் பிரயாணத்தை ஒத்திப்போட முடியாது; அவர்களுக்கு வீடே அங்கேதான். மலைக்குப் புறப்படுகிறவர்கள் இதை ஒரு கணமாவது நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது நமது பிரார்த்தனை. நினைத்துக்கொண்டால், அடைமழை நாளில், ஒரு பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டு நச்சரிக்க மாட்டோம். மீட்பு வேலைக்குப் போகிற வண்டிக்குக் குறுக்கே நம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த மாட்டோம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை

உபதேசம் செய்வதில் நமக்குப் பிரியம் இல்லை. ஆனால் போக விரும்புகிறவர்களுக்கு நாலு காரியங்களைச் சொல்லிவைப்பது கடமை.

முதலாவது, தேதியைக் குறிப்பதற்கு முன் மாதத்தைக் குறியுங்கள். மாசி, பங்குனியில் ஆடுகளுக்கு இடைஞ்சல் செய்ய வேண்டாம். ஆனி, ஆடியில் மழைக்கு மரியாதை கொடுங்கள். காலாண்டு விடுமுறையைக் கைவிடாதீர்கள்.

இரண்டாவது, வீட்டு வாசலில் நின்று வானத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வானிலை நிலையத்தார் இடுக்கி ஜில்லாவுக்கு விடுக்கும் எச்சரிக்கையைப் பாருங்கள். சிவப்பு என்றால் சிவப்புத்தான். அதற்கு வேறு வியாக்கியானம் கிடையாது. கூடவே அணை மட்டத்தையும் பாருங்கள். அது பொய் சொல்லி நாம் அறியோம்.

மூன்றாவது, டிக்கெட்டை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள். பூங்காவுக்குக் காலையில் போங்கள். மத்தியானத்துக்குமேல் மூடுபனி வந்து ஆனைமுடியைத் திரை போட்டு மறைத்துவிடும். சாயங்காலம் இருட்டுவதற்கு முன் மலைப்பாதையை விட்டு இறங்கிவிடுங்கள். எந்த மாதமானாலும் ஒரு கம்பளியும் ஒரு குடையும் இருக்கட்டும்.

நான்காவது, பயணத்தை ரத்து செய்கிற தைரியம் வேண்டும். புறப்படுவதற்கு யாருக்கும் தைரியம் வேண்டியதில்லை. குழந்தைகளே நம்மைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். மூட்டை கட்டிய பிறகு, முன்பணம் கொடுத்த பிறகு, அடுத்த வீட்டில் சொல்லியாகிவிட்ட பிறகு, "வேண்டாம்" என்று சொல்வதற்குத்தான் தைரியம் தேவை. நம் வீட்டில் அந்தத் தைரியம், மிகவும் ஆசைப்பட்டவளுக்கே இருந்தது.

குறிஞ்சி இனி 2030-ல் பூக்கும். நம் வீட்டுக் குழந்தைகள் இப்போதே விரலை மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மைத்துனர் தேதியே குறித்துவிடலாம் என்கிறார். அத்தை இன்னும் காலையில் பத்திரிகையைப் பிரித்து, முதலில் அணை மட்டத்தைத்தான் பார்க்கிறாள். ஆனால் பெட்டிமுடிக்குப் பிறகு ஒரு வித்தியாசம். நீர்மட்டம் ஏறியிருந்தால், "நல்ல மழை" என்று சொல்வதோடு நிறுத்துவதில்லை. "மேலே இருக்கிற ஜனங்கள் சௌக்கியமாயிருக்க வேண்டும்" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்கிறாள். அவள் சொல்வது நமது விண்ணப்பமும் ஆகும்.